தவறு வேறு, களவு வேறு

வடமேற்கு லண்டனில் ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட். போன குளிர்காலத்தில் என் பெரியம்மா அங்கே சாமான் வாங்கி, செல்ஃப் செக்கவுட்டில் தானே ஸ்கான் செய்து, வங்கி அட்டையால் காசு கட்டி, பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். வாசலில் செக்கியூரிட்டி மறித்தார். தள்ளுவண்டிலில், கைப்பைக்கு அடியில், ஒரு கட்டுக் கொத்தமல்லி கிடந்தது. அதை மட்டும் ஸ்கான் செய்ய மறந்திருந்தார். இருபது பவுணுக்கு மேல் கட்டியவர் ஒரு பவுணும் வராத தழைக்கட்டையா களவெடுப்பார் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை.

பெரியம்மா "சொறி, சொறி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். பஸ்ஸில் மற்றவர் எங்கள் காலை மிதித்தாலும் நாங்களே முதலில் சொறி சொல்லிப் பழகியவர்கள். அந்தச் சொல்லைக் குற்ற ஒப்புதலாக எடுத்து, பின்னறையில் முக்கால் மணி நேரம் இருத்தி, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். ஊரில் முப்பது வருடம் படிப்பித்த மனுசி. அதற்குப் பிறகு மூன்று மாதம் கடைப்பக்கமே போகவில்லை.

ஆங்கிலம் போதாததால் வந்த வினை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியும். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்கத் தேவையில்லை என்பதுதான் தெரியாது. இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் பலருக்கும் அது தெரியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு.

இயந்திரத்தைத் திட்டிவிட்டுப் போவது நியாயம் இல்லை. பாலும் பாணும் மட்டும் வாங்க வந்தவர், நிறைந்த வண்டிலுடன் நிற்பவருக்குப் பின்னால் கால் கடுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. இரவு வேலை முடித்து வருபவருக்கு ஐந்து நிமிடமும் பெரிது. கணக்குப் பார்த்துச் செலவழிப்பவர்கள் ஒவ்வொரு பொருளாகக் கூட்டுத்தொகை ஏறுவதைப் பார்த்து, கட்டுப்படாததைத் திருப்பி வைத்துவிடலாம். நாட்டுக்குப் புதிதாக வந்த ஒரு பிள்ளை, காசாளரோடு ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டு, முதல் ஆறு மாதமும் இயந்திரத்திடமே போனதாக என்னிடம் சொன்னாள். அந்த ஆறுதலைச் சின்னதாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ரில்லில் ஒருவர் இருந்தபோது அவர் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். இது வெங்காயமா சின்ன வெங்காயமா என்று பார்த்தார், நிறுத்தார், மஞ்சள் ஸ்ரிக்கர் ஒட்டிய குறைந்த விலையைக் கவனித்தார், வண்டிலுக்குள் ஏதும் விடுபட்டதா என்று எட்டிப் பார்த்தார். இவ்வளவும் இன்று எங்கள் தலையில். அவர் பிழைவிட்டால் அது கடையின் பிழை. நாங்கள் பிழைவிட்டால் அது சந்தேகம். சம்பளம் இல்லாத வேலையோடு அந்த வேலையின் பழியும் சேர்ந்து எங்களிடம் வந்துவிட்டது. இந்த இயந்திரத்தில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை அதுதான்.

பிழை எங்கே வருகிறது என்று தெரிந்தால் பாதி ஆபத்துக் குறையும். பை வைக்கும் தட்டின் அடியில் ஒரு தராசு இருக்கிறது. ஸ்கான் செய்த பொருளுக்குக் கணினியில் பதிந்த எடையும் தட்டில் ஏறிய எடையும் ஒத்துவராவிட்டால் இயந்திரம் நின்று ஆளைக் கூப்பிடும். வீட்டிலிருந்து கொண்டுபோன துணிப்பை போதும் அதைக் குழப்ப. ஆனால் மிளகாய்த்தூள் பைக்கற், கறிவேப்பிலை போன்ற பாரமில்லாத பொருட்கள் ஸ்கான் ஆகாமல் போனாலும் தராசு சில வேளை கண்டுகொள்ளாது. ஸ்கான் சத்தம் கேட்டது போல இருக்கும், அது பக்கத்து இயந்திரத்தின் சத்தமாக இருக்கும். குறைத்த விலைப் பொருளில் பழைய பார்கோட்டும் தெரிந்தால் முழு விலை விழுந்துவிடும். அங்கத்துவ அட்டையைக் காட்ட மறந்தால் இறாக்கையில் கண்ட விலைக்கும் கட்டிய விலைக்கும் சம்பந்தம் இருக்காது. ஆகவே காசு கட்ட முன்னர் திரையில் இருக்கும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்துவிடுங்கள். பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட்டால் விடட்டும். வண்டிலின் அடித்தட்டையும், பிள்ளையின் தள்ளுவண்டியில் கொழுவிய பையையும் பாருங்கள். பற்றுச்சீட்டு வேண்டுமா என்று திரை கேட்டால் வேண்டும் என்றே அழுத்துங்கள். சில கடைகளில் அதை ஸ்கான் செய்தால்தான் வெளிவாசல் கதவு திறக்கும்.

இனிச் சட்டம். 1968ஆம் ஆண்டுக் களவுச் சட்டத்தின்படி, பொருளை எடுத்தது மட்டும் களவு ஆகாது. நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்திருக்க வேண்டும், உரியவருக்கு அதை நிரந்தரமாக இல்லாமல் செய்யும் நோக்கமும் இருக்க வேண்டும். நேர்மையை எப்படி அளப்பது என்று 2017இல் ஒரு சூதாட்ட விடுதி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அந்த நேரம் அந்த ஆள் உண்மையில் என்ன அறிந்திருந்தார், என்ன நம்பினார் என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, அந்த நிலையில் அவர் செய்தது சாதாரண நேர்மையான மனிதரின் கண்ணில் எப்படிப்படும் என்று பார்க்க வேண்டும். மறந்துபோய்க் கொத்தமல்லியை விட்டவர் இந்த அளவுகோலில் கள்வர் இல்லை.

இதே அளவுகோல் மற்றப் பக்கமும் வெட்டும். அவகாடோவைத் தட்டில் வைத்து, திரையில் கரட் என்று அழுத்துவதைச் சில இளையவர்கள் கெட்டித்தனமாக நினைக்கிறார்கள். லண்டன் சிட்டி செயின்ட் ஜோர்ஜஸ் பல்கலைக்கழகக் குற்றவியலாளர் எமலின் ரெய்லர் இந்தப் பழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவுஸ்திரேலியாவில் ஒரு கடை, தன் இருப்பில் இருந்ததைவிடக் கூடுதல் கரட் விற்றதாகக் கணக்கில் கண்டு திகைத்த கதை அவர் சொன்னதுதான். மனிதரிடம் பொய் சொல்லவில்லை, வெறும் இயந்திரம்தானே என்பது இங்கே எடுபடாது. 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டம், இயந்திரத்துக்குச் சொல்லும் பொய்யும் பொய்தான் என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. உச்சத் தண்டனை பத்து வருடச் சிறை. கரட் விடயத்தில் அவ்வளவு தூரம் போகாதுதான். ஆனால் மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு குற்றப்பதிவே போதும், வாழ்க்கை திசைமாறிவிடும்.

வாசலில் மறித்தால் என்ன செய்வது? செக்கியூரிட்டி பொலிஸ் அல்ல. சாதாரண குடிமகனுக்கு இருக்கும் அதிகாரம்தான் அவருக்கும் உண்டு. 1984ஆம் ஆண்டுப் பொலிஸ் சான்றுச் சட்டம் அந்த அதிகாரத்துக்குப் பல கட்டுப்பாடுகள் போட்டிருக்கிறது. பொலிஸ் வரும்வரை தடுத்துவைக்கலாம், அதுவும் நியாயமான சந்தேகமும் அவசியமும் இருந்தால். களவு நடந்து முடிந்துவிட்டது என்று சொல்லி ஒருவரைப் பிடித்தால், அந்தக் களவு உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். ஒரு சொக்கிலேற் விடயமாகப் பிடிபட்டவர் களவுக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானபோது, அவரைக் கைதுசெய்ததே சட்டப்படி பிழை என்று 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. காரணமில்லாமல் தடுத்துவைத்தால் அது கடைமேல் வழக்குப் போடக்கூடிய விடயம்.

உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் உங்கள் பையைச் சோதிக்க முடியாது. ஆனால் இழுபறிப்படவேண்டாம், ஓடவேண்டாம், அவர் கையைத் தட்டிவிடவும் வேண்டாம். சின்ன விடயம் தாக்குதல் வழக்காக மாறுவது அந்த இடத்தில்தான். பற்றுச்சீட்டைக் காட்டி, "கவனிக்காமல் விடுபட்டுவிட்டது, இப்போதே காசு கட்டுகிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். சொறி என்ற சொல்லைத் தனியே விடாமல், தவறு என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். மகனையோ மகளையோ போனில் கூப்பிடக் கேளுங்கள்.

பொலிஸ் வந்தால் இன்னும் நிதானம் வேண்டும். பொலிஸ் நிலையத்தில் விசாரித்தாலும், தானாக முன்வந்து பேட்டி கொடுக்கச் சொன்னாலும், சட்டத்தரணியின் ஆலோசனை இலவசம். தேவையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். எங்கள் ஆட்கள் இந்த இடத்தில் விடும் பெரும் பிழை, வீட்டுக்கு விட்டால் காணும் என்று எண்ணி 'கோஷன்' எனப்படும் எச்சரிக்கையை ஏற்பது. குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் அந்த எச்சரிக்கை தரப்படும். அது பதிவில் ஏறும். பராமரிப்பு இல்லம், பாடசாலை, வைத்தியசாலை வேலைகளுக்குப் பின்னணி பார்க்கும்போது வெளிவரலாம். பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது உள்துறை அமைச்சு நன்னடத்தையை ஆராயும், அங்கேயும் அது கணக்கில் வரும். செய்யாத களவை, மரியாதைக்காகவோ களைப்பினாலோ ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சில வாரம் கழித்து வீட்டுக்கு ஒரு கடிதம் வரலாம். கடைக்கு ஏற்பட்ட பாதுகாப்புச் செலவுக்கு நூறு, நூற்றைம்பது பவுண் கட்டு, இல்லாவிட்டால் நீதிமன்றம் என்று இருக்கும். அது அரசாங்கத் தண்டப்பணம் அல்ல, தனியார் நிறுவனம் அனுப்பும் கோரிக்கை. இலவச ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு 2009இலிருந்தே இந்தக் கடிதங்களுக்கு எதிராக எழுதிவந்தது. இரண்டு பதின்மவயதுப் பெண்களிடம் ஒரு கடை இப்படிக் கேட்ட பணத்தை 2012இல் ஒக்ஸ்ஃபோர்ட் கவுன்ரி நீதிமன்றம் மறுத்தது. கடிதம் வந்தவுடன் பயந்து கட்டாமல், சிற்றிசன்ஸ் அட்வைஸில் காட்டுங்கள். குப்பையிலும் போடாதீர்கள். நீதிமன்றத்திலிருந்தே தாள் வந்தால் குறித்த நாளுக்குள் பதில் போட்டாக வேண்டும்.

தலைக்கு மேலே இருக்கும் கமரா உங்களுக்கும் சாட்சி. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய பதிவைக் கேட்டால், கடை பொதுவாக ஒரு மாதத்துக்குள், காசு வாங்காமல், தர வேண்டும். நாள், நேரம், எந்த இயந்திரம், என்ன உடுப்பு என்று எழுதிக் கேளுங்கள். கமராப் பதிவுகளைச் சில வாரத்தில் அழிப்பது வழக்கம் என்பதால் அன்றே எழுதுவது நல்லது. தராவிட்டால் தகவல் ஆணையாளர் அலுவலகத்தில் முறையிடலாம்.

விலைப் பிரச்சினைக்கு ஒரு பழைய வழக்கு வழிகாட்டுகிறது. எட்ஜ்வெயார், பேர்ண்ட் ஓக் புரோட்வேயில், இன்று எங்கள் ஆட்கள் நிறையப் புழங்கும் பகுதியில், பூட்ஸ் மருந்துக்கடை 1951இல் வாடிக்கையாளரே பொருளை எடுத்துவரும் முறையைத் தொடங்கியது. அது வழக்காகி, 1953இல் தீர்ப்பு வந்தது. இறாக்கையில் இருக்கும் பொருள் வெறும் அழைப்பு, வாங்குபவர் ரில்லில் கேட்கிறார், கடை அங்கேதான் சம்மதிக்கிறது என்று. எனவே இறாக்கையில் எழுதிய விலைக்கே தா என்று கடையைக் கட்டாயப்படுத்த முடியாது. கட்ட முன்னர் கண்டால் வேண்டாம் என்று விட்டுவிடலாம். கட்டிய பிறகு கண்டால் வித்தியாசத்தைத் திருப்பிக் கேளுங்கள், பெரும்பாலான கடைகள் தந்துவிடும். பிழையான விலை காட்டி ஏமாற்றுவது சட்டவிரோதம். ஒரே கடையில் திரும்பத் திரும்ப நடந்தால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் தொலைபேசிச் சேவைக்குச் சொல்லுங்கள், அது ட்ரேடிங் ஸ்ராண்டர்ட்ஸ் எனப்படும் வர்த்தகக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போகும்.

கண்பார்வை குறைந்தவர், கை நடுங்குபவர், சக்கர நாற்காலியில் வருபவர் ஆகியோருக்கு 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் துணை நிற்கிறது. நியாயமான வசதியைக் கடை செய்து கொடுக்க வேண்டும். ஒரு ஊழியர் வந்து ஸ்கான் செய்து தருவதும் அதற்குள் அடங்கும். கேட்க வெட்கப்படவேண்டாம். மறுத்தால் ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் போகலாம். காசுத்தாளாகவே கட்டுவேன் என்பதற்கு மட்டும் சட்டத்தில் உரிமை கிடையாது. அட்டை மட்டும் எடுக்கும் இயந்திரங்கள் கூடிவருவது முதியோருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

கேட்டால் கடைகள் மாறும் என்பதற்கு வட இங்கிலாந்தின் பூத்ஸ் கடைகள் சாட்சி. 2023 நவம்பரில், இரண்டு கிளைகள் தவிர மற்ற எல்லாவற்றிலும் இந்த இயந்திரங்களை எடுத்துவிட்டு ஆட்களை வைக்கப்போவதாக அறிவித்தார்கள். வாடிக்கையாளர்கள் இயந்திரம் மெதுவானது, நம்பமுடியாதது, முகம் பார்த்துப் பேசாதது என்று சொல்லிக்கொண்டே இருந்ததுதான் காரணம். மொரிசன்ஸும் பின்னர் சில இடங்களில் குறைத்தது.

பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். மருமகள் உட்கார்ந்து கடையின் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். கமராப் பதிவைக் கேட்டாள், கையெழுத்து வாங்கிய தாளின் பிரதியைக் கேட்டாள், கொத்தமல்லியின் விலையைக் கட்ட ஆயத்தம் என்றும் எழுதினாள். ஐந்தாம் கிழமை பதில் வந்தது. அந்தத் தாள், ஒரு வருடத்துக்குக் கடைக்குள் வரக்கூடாது என்ற தடை அறிவித்தல். அதை விலக்கிக்கொண்டு மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். பெரியம்மா அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டுதரம் வாசித்தார். அடுத்த சனிக்கிழமை, மருமகளைக் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போய், ஆள் இருக்கும் ரில்லில், நீளமான வரிசையில் நின்றார்.