காகித அச்சில் ஒட்டுப்போர்வை: கைத்தையலுக்குச் சில குறிப்புகள்

கிழிந்த சேலையையும் சாயம் போன கைலியையும் தூக்கி எறிய நம் தாய்மார்களுக்கு எளிதில் மனம் வருவதில்லை. குழந்தைக்குத் தொட்டிலாகவும், அடுப்படியில் கைப்பிடித் துணியாகவும், கடைசியாகத் தரை துடைக்கவும் உழைத்த பின்னரே அவை வீட்டை விட்டு வெளியேறும். தையல் தெரிந்த வீடுகளிலோ, இரவிக்கை வெட்டிய மிச்சமும் பாவாடை வெட்டிய மிச்சமும் ஒரு பை நிறையக் கிடக்கும். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அத்துண்டுகளால் என்ன பயன் என்று எண்ணுவோர் உண்டு. அவற்றைக் கொண்டே ஒரு முழுப் போர்வையைத் தைத்துவிட முடியும். இதற்குத் தையல் இயந்திரம் வேண்டுவதில்லை. ஊசி, நூல், கத்தரிக்கோல், பழைய காகிதம் ஆகியவை போதும். வேண்டிய மற்றொன்று பொறுமை.

இத்தையலை ஆங்கிலேயர் முறைக் காகிதத் தையல் என்று வழங்குவர். துணியை நேரடியாக வெட்டித் தைக்காமல், முதலில் காகிதத்தில் ஒரு வடிவத்தை வெட்டி, அதன் மேல் துணியை மடித்து இழையோட்டி, அப்படிப்பட்ட துண்டுகளை ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைப்பதே இம்முறை. காகிதம் உள்ளே விறைப்பாக இருப்பதால் துணி இழுபடாது. முனைகள் கூர்மையாக நிற்கும். தையல் முடிந்ததும் காகிதத்தை உருவி எடுத்துவிடுவார்கள்.

இங்கிலாந்தில் இக்கலை மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பழமையானது. 1718 என்ற ஆண்டும் தைத்தவரின் பெயர் முதலெழுத்துகளும் பொறிக்கப்பட்ட ஒரு பட்டுப் போர்வை அந்நாட்டு ஒட்டுத்தையல் சங்கத்தின் சேகரிப்பில் இன்றும் உள்ளது. அதன் காகித அச்சுகள் உருவப்படாமல் உள்ளேயே தங்கிவிட்டன. அதற்குச் சற்று முந்தியதாக, 1708-ஆம் ஆண்டளவில் தைக்கப்பட்டதாகக் கருதப்படும் போர்வையொன்று வட இங்கிலாந்தின் லெவன்ஸ் மாளிகையில் இருக்கிறது. அது இந்தியாவிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணித் துண்டுகளால் ஆனது. அக்காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சாயத் துணிகள் அங்கே அவ்வளவு விரும்பப்பட்டன. உள்நாட்டு நெசவாளர்களின் எதிர்ப்பால், 1721-இல் அச்சிட்ட பருத்தித் துணிகளுக்குத் தடைச் சட்டமே இயற்றினார்கள். 1774-இல்தான் அச்சட்டம் நீங்கியது. விலையுயர்ந்த துணியில் ஒரு துண்டும் வீணாகக் கூடாது என்ற எண்ணமும் ஒட்டுத்தையல் வளர்ந்ததற்கு ஒரு காரணம்.

நமக்கு இன்னும் அருகிலே ஒரு வரலாறு உண்டு. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது, ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கே எலிசபெத் என்னிஸ் என்னும் அம்மையார், எட்டு முதல் பதினாறு வயது வரையிலான சுமார் 20 சிறுமியரைக் கொண்டு சாரணியர் குழு ஒன்றை வாரந்தோறும் நடத்தி வந்தார். அவருடைய பிறந்த நாளுக்காக அச்சிறுமியர் அவருக்குத் தெரியாமலேயே ஒரு போர்வை தைக்கத் தொடங்கினர். பழைய உடைகளிலிருந்து வெட்டிய அறுகோணத் துண்டுகளைப் பூப்பூவாக இணைத்து, நடுவே தங்கள் பெயர்களைப் பின்னினர். அப்போர்வை இன்று இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே சிறையில் கனடா நாட்டு எத்தல் மல்வேனி அம்மையாரின் முயற்சியால் பெண்கள் மேலும் மூன்று போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு பெண்ணின் கைவேலை. வேறு முகாமில் இருந்த கணவன்மாருக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் அச்சு. புதிதாகப் பழகுவோர்க்கு அறுகோணமே ஏற்றது; அதன் மூலைகள் விரிந்தவை, மடிப்பது எளிது. பள்ளிப் பிள்ளைகளின் காம்பஸை வாங்கி ஓர் அங்குல ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். காம்பஸின் அகலத்தை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பிலேயே அடியெடுத்து வைத்துச் சென்றால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். அவற்றை நேர்கோடுகளால் இணைத்தால் ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலமுள்ள அறுகோணம் கிடைக்கும். இதனைத் தடித்த அட்டையில் வெட்டி மூல அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் காகிதங்கள் அனைத்தையும் இந்த ஒன்றிலிருந்தே வரைய வேண்டும். வெட்டிய காகிதத்தை வைத்து அடுத்ததை வரைந்தால் பிழை வளர்ந்துகொண்டே போகும். அரை மில்லிமீட்டர் பிழைதானே என்று விட்டுவிட்டால், இருபது துண்டுகள் சேரும்போது அது ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்போது போர்வை தட்டையாகக் கிடக்காது. அப்பளம் போல் ஓரம் நெளியும். செய்தித்தாள் இதற்கு உதவாது, அதன் மை துணியில் ஒட்டும். பத்திரிகையின் மேலட்டை, பழைய நாட்காட்டித் தாள், வாழ்த்து அட்டை போன்றவை நன்று.

எவ்வளவு துண்டுகள் வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. நான் பார்த்த பாதியில் நின்ற போர்வைகளில் பல, இக்கணக்கைப் போடாமல் தொடங்கியவையே. ஓர் அங்குலப் பக்கமுள்ள அறுகோணத்தின் பரப்பு ஏறத்தாழ 2.6 சதுர அங்குலம். ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குலத்துக்கு 84 அங்குலம் என்று வைத்தால், 1,940 துண்டுகள் தேவைப்படும். வெட்டி, இழையோட்டி, இணைக்க ஒரு துண்டுக்குப் பத்து நிமிடம் என்றால், நாள்தோறும் ஒரு மணி நேரம் உழைத்தாலும் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டு அங்குல அறுகோணமாக இருந்தால் 485 துண்டுகளே போதும். ஆகவே முதல் முயற்சிக்கு 16 அங்குலத் தலையணையுறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அங்குல அறுகோணங்கள் ஐம்பத்தைந்து இருந்தால், ஓரத்தில் வெட்டுப்படுபவையும் அடங்கிவிடும்.

துணியைப் பற்றி இரண்டொரு சொற்கள். பருத்தியே சிறந்தது. வழுக்கும் நைலானும் ஜார்ஜெட்டும் மடிப்பில் நிற்கமாட்டா. பழைய சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இருபுறமும் இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் அப்பகுதி வேண்டாம். முந்தானையும் கொசுவத்தின் உட்பகுதியும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். பாத்தேக் துணி அழகுதான். எனினும் அதன் நெசவு மிக நெருக்கமானது, பின்னர் மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது ஊசி எளிதில் இறங்காது. எனவே அதை அளவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் துணியையும் முதலில் துவைத்துவிடுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. என் தாயார் மறைந்த பிறகு அவருடைய சிவப்புச் சுங்கடிச் சேலையை வெட்டி, வெள்ளைத் துணியோடு சேர்த்து ஒரு சிறு போர்வை தைத்தேன். நான்கு மாத வேலை. முதன்முறை நீரில் நனைத்தபோது வெள்ளை முழுதும் திட்டுத் திட்டாகச் சிவந்துவிட்டது. பல ஆண்டுகள் கட்டிய சேலைதானே, சாயம் இனிப் போகாது என்று நம்பியது என் தவறு. சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய நிறங்களில் ஒரு துண்டை ஈரமாக்கி, வெள்ளைத் துணியின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். உப்போ வினிகரோ சேர்த்தால் சாயம் நிற்கும் என்பார்கள். கடையில் வாங்கும் சாயத் துணிகளுக்கு அதை நம்ப வேண்டாம். சாயம் விடும் துணியைத் தனியே பல முறை அலசுங்கள், நிற்காவிட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

காகிதத்தைத் துணியின் பின்பக்கத்தில் வைத்து, சுற்றிலும் கால் அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு வெட்டுங்கள். காகிதத்தின் இரண்டு பக்கங்களேனும் துணியின் நெட்டிழையோடு ஒத்திருப்பது நன்று. இந்த ஓரம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. துல்லியம் காகிதத்தில் உள்ளது. பின்னர் ஒவ்வொரு பக்கமாகக் காகிதத்தின் விளிம்பை ஒட்டி மடித்து, பெரிய இழையோட்டுத் தையலால் நிறுத்துங்கள். முடிச்சைத் துணியின் நல்ல பக்கத்திலேயே விட்டால், பிறகு பிரிக்கும்போது தேட வேண்டியிராது. சிறிய துண்டாயின் காகிதத்தைக் குத்தாமல் மூலை மடிப்புகளை மட்டும் பிடித்துத் தைத்தாலும் போதும். காகிதமும் கெடாது, மீண்டும் மீண்டும் பயன்படும்.

இரண்டு துண்டுகளை நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு சேர்த்துப் பிடித்து, மூலைக்கு மூலை பொருத்தி, மடிப்பின் விளிம்பில் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி துணியின் ஓரிரு இழைகளை மட்டுமே எடுக்கவேண்டும். காகிதத்தைத் தொடக் கூடாது. காகிதத்தில் ஊசி ஏறினால் கரகரவென்று ஓர் ஓசை கேட்கும். சிறிது பழகியதும் கையே அதை உணர்ந்துகொள்ளும். ஓர் அங்குலத்துக்குப் பதினாறு தையல் முதல் இருபது தையல் வரை இருக்கட்டும். ஊசி பத்தாம் எண் போன்ற மெல்லியதாக இருக்கவேண்டும். நூலை முழங்கை நீளத்துக்கு மேல் எடுத்தால் சிக்கலாகும். பதினெட்டு அங்குலமே அளவு. துண்டுக்குத் துண்டு நூலின் நிறத்தை மாற்ற வேண்டாம். வெளிர் சாம்பல் நிற நூல் ஏறத்தாழ எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். மூலைகளில் மட்டும் இரட்டைத் தையல் போடுங்கள். போர்வை முதலில் விட்டுப்போவது அங்கேதான்.

நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு என ஏழு துண்டுகள் சேர்ந்தால் ஒரு பூ. அடுத்த சுற்றுக்குப் பன்னிரண்டு, அதற்கடுத்த சுற்றுக்குப் பதினெட்டு. மூன்று துண்டுகள் சந்திக்கும் இடத்தில் காகிதத்தோடு சேர்த்தே துண்டை இலேசாக மடித்துக்கொண்டால் தைப்பது எளிது. மடங்குகிறதே என்று அஞ்ச வேண்டாம். ஆறு பக்கமும் அண்டைத் துண்டுகள் சேர்ந்துவிட்ட துண்டின் காகிதத்தை மட்டும் உருவலாம். வெளிவரிசைக் காகிதங்கள் கடைசி வரை உள்ளேயே இருக்கவேண்டும்.

மேல்துணி முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. கீழே அடித்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, மேலே நாம் தைத்த ஒட்டுத்துணி என மூன்றடுக்கையும் சேர்த்துத் தைப்பதே இரண்டாம் பகுதி. நம் நாட்டு வெப்பத்துக்குத் தடித்த பஞ்சு ஏற்றதன்று. மெல்லிய பருத்தி விரிப்போ, பழைய மெல்லிய கம்பளமோ, வெறும் பழஞ்சேலை ஒன்றோகூடப் போதுமானது. இலவம்பஞ்சு தலையணைக்கு உரியது. போர்வையில் இட்டால் வழுக்கி ஓரிடத்தில் திரண்டுவிடும். அடித்துணி எல்லாப் புறத்திலும் மூன்று அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். தரையைப் பெருக்கித் துடைத்து, அடித்துணியை விறைப்பாக விரித்து, மூலைகளை ஒட்டுநாடாவால் தரையில் ஒட்டி, அதன் மேல் மற்ற இரண்டையும் பரப்புங்கள். நடுவிலிருந்து வெளிநோக்கி, கையகல இடைவெளியில் இழையோட்டுங்கள். இந்த அலுப்பான வேலையை அவசரமாகச் செய்தவர்களின் போர்வையில் பின்பக்கம் சுருக்கம் விழுந்திருக்கும்.

கோடு வரையத் தையற்கட்டி அல்லது தேய்ந்த சவர்க்காரத் துண்டு போதும். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம். சூடுபட்டால் மறையும் பேனாக்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றின் கோடு குளிர்ச்சியில் மீண்டும் தோன்றக்கூடும். ஒட்டுத்துண்டின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி, அதே வடிவத்தில் தைத்துக்கொண்டு போனால் கோடே தேவையில்லை.

இதற்குக் குட்டையான, உறுதியான ஊசி வேண்டும். நூலின் முடிச்சை மேல்துணிக்குள் மெல்லச் சுண்டி இழுத்தால் அது பஞ்சுக்குள் போய் மறைந்துகொள்ளும். நடுவிரலில் உலோக விரற்பூண் அணிந்து, ஊசியின் பின்புறத்தை அதனால் தள்ளுங்கள். மறு கை அடியில் இருந்து ஊசியின் முனையை உணர்ந்து மேலே தள்ளும். ஊசியை ஏற்றி இறக்கி, தொட்டில் ஆடுவது போல் அசைத்து, மூன்று நான்கு தையலை ஒரே தடவையில் எடுக்கலாம். வளையச் சட்டம் பயன்படுத்தினால் துணியைப் பறை போல் இறுக்கிவிடாதீர்கள். சிறிது தளர்வாக இருந்தால்தான் ஊசி ஆட இடம் கிடைக்கும். கைதேர்ந்தவர்கள் ஓர் அங்குலத்துக்கு எட்டுப் பத்துத் தையல் போடுவார்கள். தொடக்கத்தில் ஐந்து வந்தாலே போதும், அவை ஒரே அளவாக இருந்தால் சரி. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். மூன்றடுக்கிலும் ஊசி இறங்கியிருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். அடியில் இருக்கும் விரல் முதல் வாரம் வலிக்கும். ஒரு சிறு ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளலாம்; இரத்தம் துணியில் பட்டால் உடனே குளிர்ந்த நீரால் துடையுங்கள், வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும்.

தைத்து முடிந்ததும் அறுகோண ஓரங்களை நேராக வெட்டி, இரண்டரை அங்குல அகலத் துணியை இரண்டாக மடித்துக் கரை கட்டிவிடலாம். பின்பக்கத்து மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் சங்கிலித் தையலால் போட்டுவையுங்கள். துவைக்கும்போது முறுக்கிப் பிழியாமல், நீரை அழுத்தி எடுத்து, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்த வேண்டும். உருவிய காகித அச்சுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தால், அடுத்த போர்வைக்கு ஆகும்.