கொள்கலன் முறையும் தரவுப் பாதுகாப்பும்

இணையச் செயலி ஒன்று ஒரு கணினியில் செவ்வனே இயங்கிப் பிறிதொன்றில் இயங்க மறுப்பதுண்டு. துணை மென்பொருள்களின் பதிப்புகள் வேறுபடுதலே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். இக்குறையை நீக்குவது கொள்கலன் முறை. 2013-இல் வெளிவந்த டாக்கர் என்னும் மென்பொருள் இதனைப் பரவச் செய்தது.

செயலியும் அதற்கு வேண்டிய துணை மென்பொருள்களும் 'இமேஜ்' என்னும் ஒரே தொகுப்பாகக் கட்டப்படுகின்றன. அதனை இயக்குங்கால் தோன்றுவதே கொள்கலன். கொள்கலன்கள் யாவும் ஒரே லினக்ஸ் கெர்னலைப் பொதுவாகப் பயன்படுத்துதலின், மெய்நிகர் கணினியினும் விரைவில் தொடங்குகின்றன.

பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டுச் செயலியை எடுத்துக்கொள்வோம். செயலிக்கு ஒன்று, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திற்கு ஒன்று என இரு கொள்கலன்களைக் 'கம்போஸ்' கோப்பில் குறித்தல் வேண்டும். பதிப்பு எண்ணையும் திட்டமாக எழுதுதல் நன்று. செயலி, தரவுத்தளத்தை 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அழைத்தலாகாது. அப்பெயர் செயலியின் கொள்கலனையே சுட்டும். கோப்பில் இட்ட சேவைப் பெயரே தக்கது.

கொள்கலனை நீக்கின் அதனுள் எழுதப்பட்டவையும் அழியும். ஆகவே, மதிப்பெண்களைப் பெயரிட்ட 'வால்யூம்' என்னும் புறச் சேமிப்பில் வைத்தல் இன்றியமையாதது. 'கம்போஸ் டவுன்' என்னும் கட்டளை கொள்கலன்களை நீக்கினும் வால்யூம் நிலைத்திருக்கும்; அக்கட்டளையுடன் '-வி' குறியைச் சேர்ப்பின் அதுவும் அழிந்துபடும். எனவே, தரவுகளின் நகலொன்றை வேறிடத்தில் வைத்திருத்தலே காப்பாகும்.