செயலிக்குள் ஒரு ஜன்னல்

அரக்கோணம் சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருப்போரைக் கவனியுங்கள். பலர் கைப்பேசியில் ஏதேனும் ஒன்றுக்குப் பணம் செலுத்திக்கொண்டிருப்பார்கள். செயலியில் பொருளைத் தேர்ந்தெடுத்து அட்டை எண்ணைக் கொடுத்ததும், திரையில் வங்கியின் பக்கம் தோன்றுகிறது. ஓ.டி.பி.யை இட்டதும் வேலை முடிகிறது. நாம் செயலியை விட்டு வெளியே செல்லவே இல்லை. அப்படியானால் வங்கியின் பக்கம் அதற்குள் எப்படி வந்தது? அது வங்கியின் பக்கந்தான் என்பதற்குச் சான்று என்ன?

என் மாணவி ஒருத்தி, ஆம்பூரில் காலணி தைக்கும் தன் தந்தையின் பட்டறைக்காக ஒரு சிறு செயலியை எழுதினாள். பணம் பெறும் பக்கத்தையும் செயலிக்குள்ளேயே காட்டலாமா என்று என்னிடம் கேட்டாள். அக்கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

வெப்வியூ என்பது யாது?

நாம் இணையத்தைப் பார்க்கும் உலாவியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, பக்கத்தைத் திரையில் வரையும் இயந்திரம். மற்றொன்று, அதைச் சுற்றியுள்ள அமைப்பு; பக்கத்தின் முகவரியும் எச்சரிக்கைகளும் இங்கேதான் தோன்றுகின்றன. முதற்பகுதியை மட்டும் தனியே எடுத்துச் செயலிக்குள் பொருத்தினால் அதுவே 'வெப்வியூ'. சுற்றியுள்ள யாவும் செயலியை எழுதியவரின் பொறுப்பு.

ஒரு கடைக்காரர் தம் கடைக்குள் ஒரு ஜன்னலைக் காட்டி, "இதுதான் வங்கி, பணத்தை இங்கே கட்டுங்கள்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலுக்கு அப்பால் இருப்பது உண்மையான வங்கியாக இருக்கலாம். வங்கி போல ஒப்பனை செய்த அறையாகவும் இருக்கலாம். உண்மையான வங்கியாகவே இருந்தாலும், நாம் எழுதிக் கொடுக்கும் தாள் கடைக்காரரின் கை வழியாகவே செல்கிறது. ஆபத்து இவ்விரண்டுதான்: பக்கம் போலியாக இருக்கலாம், அல்லது உண்மைப் பக்கத்தில் நாம் தட்டச்சு செய்வதைச் செயலி பார்க்கலாம்.

இரண்டாவது ஆபத்து வெறும் கற்பனையன்று. இன்ஸ்டாகிராம், பேஸ்புக் செயலிகள் தமக்குள் திறக்கப்படும் பிற தளங்களின் பக்கங்களில் தம்முடைய நிரல் வரிகளைச் சேர்ப்பதை 2022இல் ஃபீலிக்ஸ் கிரவுசே என்ற ஆய்வாளர் காட்டினார். அவை கடவுச்சொற்களைத் திரட்டின என்று அவர் கூறவில்லை. திரட்டக்கூடிய இடத்தில் இருக்கின்றன என்பதே அவர் சுட்டியது.

மறைந்துபோகும் பெயர்ப்பலகை

இணையத்தில் அட்டை வழியே பணம் செலுத்தும்போது, அட்டை எண்ணுடன் மற்றொரு சான்றும் வேண்டும் என்ற விதியை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. ஓ.டி.பி. கேட்கும் பக்கம் நமக்குப் பழக்கமானது இதனால்தான். போலி வங்கித் தளங்கள் பெருகவே, வங்கிகள் தம் தளங்களை 2025 அக்டோபர் இறுதிக்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிகளுக்கு மாற்ற வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும் முகவரி என்பதால் இது நல்ல அடையாளம். ஆனால் வெப்வியூவில் முகவரியே தெரிவதில்லையே! பெயர்ப்பலகை எழுதியும், அது ஜன்னலுக்கு மேலே மறைந்துவிடுகிறது.

வாசலும் பாலமும்

செயலியும் பக்கமும் பேசிக்கொள்ள ஒரு 'பாலம்' அமைப்பதுண்டு. அதன் வழியே பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல், செயலியின் கட்டளைகளை இயக்கலாம். தொடக்ககால ஆண்ட்ராய்டில் இப்பாலம் மிக அகலம். செயலியின் உரிமைகள் முழுவதையுமே அந்நியப் பக்கம் பயன்படுத்த முடிந்தது. 2012இல் வந்த 4.2 பதிப்புக்கென எழுதப்பட்ட செயலிகளில், ஆசிரியர் தனியே குறியிட்டு அனுமதித்த கட்டளைகள் மட்டுமே பாலத்தைக் கடக்கும்.

அதன் பின்னும் தவறு நேரலாம். டிக்டாக்கின் ஆண்ட்ராய்டு செயலியில் ஒரு குறையை மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, அது சரிசெய்யப்பட்ட பின் 2022இல் வெளியிட்டனர். தந்திரமாக அமைத்த ஓர் இணைப்பைத் தொட்டால், எந்தப் பக்கமும் அச்செயலியின் வெப்வியூவிற்குள் நுழையலாம். நுழைந்தபின் பாலத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட கட்டளைகள் காத்திருந்தன! பயனரின் கணக்கையே கைப்பற்ற அது போதும். வாசலில் காவல் தளர்ந்ததும் பாலம் அகலமாக இருந்ததும் சேர்ந்தே இக்குறையை உண்டாக்கின.

செயலி எழுதுவோருக்கு

1. எந்தெந்தத் தளங்கள் உள்ளே வரலாம் என்று பட்டியலிடுக. மற்றவற்றை உலாவிக்கு அனுப்புக. முகவரியில் ஒரு சொல் எங்கேனும் இருந்தால் போதும் என்று சோதிப்பது பிழை. 'அரக்கோணம் ஸ்டோர்ஸ்' என்ற கடை வேலூரிலும் இருக்கலாம் அல்லவா? தளப்பெயர் எப்படி முடிகிறது என்பதே முக்கியம்.

2. மறையாக்கம் செய்த இணைப்பை மட்டுமே ஏற்க. சான்றிதழ்ப் பிழை வந்தால் பக்கத்தை நிறுத்துக. 'பரவாயில்லை' என்று தொடரும்படி எழுதாதீர்.

3. ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லையெனில் அதை நிறுத்திவைக்க. கைப்பேசியின் கோப்புகளைப் பக்கம் படிக்க விடாதீர். பிறர் பக்கங்களுக்குப் பாலமே வேண்டாம்.

4. கடவுச்சொல்லும் பணமும் தொடர்புடைய பிறர் பக்கங்களை வெப்வியூவில் காட்டாதீர். 2015 முதல் ஆண்ட்ராய்டில் 'கஸ்டம் டேப்ஸ்' என்ற வசதி உண்டு. ஐபோனிலும் இத்தகைய ஒன்று அதே ஆண்டில் வந்தது. பக்கம் செயலியின் மேலேயே திறக்கும். ஆனால் அதை நடத்துவது உலாவி. முகவரி தெரியும், தட்டச்சு செய்வதைச் செயலி பார்க்க இயலாது. தன் கணக்கில் நுழையும் பக்கத்தை வெப்வியூவில் காட்டக்கூடாது என்று கூகுள் 2016லேயே அறிவித்ததும் இதனால்தான்.

பயன்படுத்துவோருக்கு

அறிமுகமில்லாத செயலிக்குள் வங்கிக் கடவுச்சொல் கேட்கும் பக்கம் தோன்றினால், அதை மூடிவிட்டு உலாவியிலோ வங்கியின் சொந்தச் செயலியிலோ செல்லுங்கள். ஓ.டி.பி. குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பாராமல், தொகையையும் யாருக்கு என்பதையும் படியுங்கள். 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் வெப்வியூ தனியே புதுப்பிக்கப்படுகிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாணவி தன் செயலியை மாற்றி எழுதினாள். காலணிப் படங்கள் உள்ளேயே தெரிகின்றன. பணம் செலுத்தும் பக்கம் உலாவியில் திறக்கிறது. "வாங்குபவர் என்னை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை, சார்" என்றாள். நல்ல பாதுகாப்புக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.