புல்லட்டா, மொபெட்டா? மீஞ்சூர் வாசகருக்கு ஒரு பதில்

உரம், பூச்சி, விதை பற்றிய கேள்விகளுக்கு நடுவே இந்த முறை ஒரு வண்டிக் கேள்வி வந்திருக்கிறது. மீஞ்சூர் பக்கத்து வாசகர் ஒருவர் இப்படிக் கேட்கிறார்:

"ரெண்டு ஏக்கர் நெல்லு, மூணு கறவை மாடு இருக்கு சார். பழைய மொபெட்டுக்கு 15 வருஷம் முடியப்போகுது. அதுலதான் நானும் வீட்டுக்காரியும் சொசைட்டிக்குப் பால் ஊத்துறோம். பையனுக்கு எண்ணூர் பக்கம் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. மொபெட்டைக் கொடுத்துட்டு புல்லட் வாங்கிடலாம், வீட்டுக்கு ஒரே வண்டியா இருக்கட்டும்கிறான். வாங்கலாமா?"

இது வேளாண் அதிகாரியைக் கேட்கிற கேள்வியா என்று ஒதுக்க முடியவில்லை. சிறு விவசாயி வீட்டில் மாட்டுக்கும் மோட்டாருக்கும் அடுத்த பெரிய செலவு இதுதான். பால் நேரத்துக்குப் போய்ச் சேருவதும் வண்டியை நம்பித்தான்.

எனக்கு வீடு யானைக்கவுனியில். பொன்னேரி, மீஞ்சூர் கிராமங்களுக்கு ராயபுரம், திருவொற்றியூர் வழியாகப் பல வருஷம் வண்டியில் போய் வந்திருக்கிறேன். உங்கள் மகன் கேட்கும் புல்லட் பிறந்த தொழிற்சாலை அந்த வழியில்தான், திருவொற்றியூரில் இருக்கிறது. அதன் கதையில் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

1950-களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் 350 சிசி புல்லட் 800 வண்டி கேட்டது. அதையொட்டி, இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டு சேர்ந்து 1955-ல் 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. பிறகு இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது. திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. பனி மலையிலும் மணலிலும் ரோந்து போகிற ஆளுக்கு என்று வாங்கிய வண்டி அது. தினம் இரண்டு வேளை பால் கேனோடு நின்று நின்று போகிறவரை மனதில் வைத்துச் செய்ததல்ல.

அதே கம்பெனி மினி புல்லட், எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் என்று சின்ன வண்டிகளையும் விட்டது. இன்று 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்தப் பெயர்கள் நினைவிருக்கும். அவை ஒன்றுகூட நிலைக்கவில்லை. மாடல் நின்ற பிறகு உதிரிபாகத்துக்காகப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் உண்டு. புல்லட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. காரணம், ஊருக்கு நாலு பேரிடம் இருந்தது, மெக்கானிக்குக்கும் அத்துப்படி. வண்டி வாங்கும்போது நானும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். உங்கள் ஊர்ச் சந்தியில் இருக்கும் மெக்கானிக் கடையில் வாரத்துக்கு எத்தனை முறை அந்த மாடல் நிற்கிறது என்று கேளுங்கள். ஒன்றுகூட வருவதில்லை என்றால், விளம்பரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம்.

விவசாயிக்கு மிக நெருங்கி வந்த புல்லட் ஒன்றும் இருந்தது. 1990-களில் வந்த டீசல் புல்லட், 'டாரஸ்'. கிரீவ்ஸ் லம்பார்டினியின் 325 சிசி டீசல் எஞ்சின். பம்புசெட்டுக்குப் போடுகிற வகை எஞ்சின் என்பதால் நம் ஆட்களுக்கு அதன் சத்தமே பழக்கமானது. லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. டீசல் விலையும் அப்போது பெட்ரோலைவிட வெகு குறைவு. ஆனால் சக்தி 6.5 குதிரைத் திறன்தான், வண்டியின் எடையோ ஏறக்குறைய 200 கிலோ. வேகமில்லை, கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்வு, புகை வேறு. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் 2000-ம் ஆண்டு வாக்கில் நிறுத்திவிட்டார்கள். இப்போதும் "டீசல் புல்லட் இருக்கு, வேணுமா?" என்று விலைக்கு வரும். அதில் பல, பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சினை மாட்டியவை. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் 'பெட்ரோல்' என்று இருந்து, வண்டி டீசலில் ஓடினால் தொடாதீர்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும்.

பாரம் எங்கே உட்காருகிறது?

இனி உங்கள் பால் கேன். வடசென்னையில் பழைய எஞ்சினைப் பூட்டி ஓட்டும் மீன்பாடி வண்டியைப் பார்த்திருப்பீர்கள். சட்டப்படி அனுமதி இல்லாதது என்பது வேறு விஷயம். ஆனால் அதைச் செய்தவருக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்கிறது: பாரம் தாழ்வாகவும் சக்கரங்களுக்கு நடுவிலும் இருக்க வேண்டும். மொபெட்டிலும் அந்தக் கணக்குத்தான். டி.வி.எஸ். 1980-ல் ஓசூரிலிருந்து விட்ட டி.வி.எஸ். 50 முதல் இன்றைய எக்ஸ்எல் 100 வரை, மாடல் எத்தனை மாறினாலும் காலடியில் இருக்கும் அந்தத் தட்டையான இடம் மாறவில்லை. அங்கே வைத்த மூட்டை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் தாழ்ந்து உட்காரும். பைக்கிலோ மூட்டை பின்சீட்டில் உயரமாக ஏறும், கேன் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தொங்கும். பாரம் பின் அச்சைத் தாண்டிப் போகப் போக முன்சக்கரம் லேசாகிவிடும், வரப்பு மேட்டில் ஹேண்டில் பேச்சைக் கேட்காது.

எடையையும் கூட்டிப் பாருங்கள். 40 லிட்டர் பால் 41 கிலோ இருக்கும். இரண்டு கேன் என்றால் பால் மட்டுமே 82 கிலோ, ஓட்டுபவர் 65 கிலோ. 147 கிலோ ஆகிவிட்டது, கேனின் எடையை இன்னும் சேர்க்கவில்லை. வண்டியோடு தரும் கையேட்டில் ஏற்றக்கூடிய எடை என்று ஓர் அளவு போட்டிருக்கும். 130 கிலோ என்றிருந்தால் அது ஓட்டுபவரையும் சேர்த்துத்தான். பலர் பாரத்துக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று மாட்டுப் பாலுக்கு உங்களுக்கு இந்தச் சிக்கல் வராது. ஒரு யூரியா மூட்டை, 45 கிலோ, அதுவும் தாங்கும். (யூரியா என்றதும் ஞாபகம் வருகிறது: பூச்சிமருந்து பாட்டிலைத் தீவன மூட்டையோடு ஒரே பையில் போட்டுக் கட்டாதீர்கள். ஆட்டத்தில் மூடி தளர்ந்து கசிந்தால் மாட்டுக்குப் போய்ச் சேரும்.)

எல்லாவற்றையும்விட முக்கியமானது, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: "நானும் வீட்டுக்காரியும்." இன்றைய புல்லட் 350-ன் எடை 195 கிலோ. எக்ஸ்எல் 90 கிலோவுக்கும் கீழே. சேற்றில் சாய்ந்தால் உங்கள் மனைவி ஒற்றை ஆளாக எதைத் தூக்குவார்? மொபெட்டைக் கொடுத்துவிட்டால் மறுநாளிலிருந்து அவர் சொசைட்டிக்குப் போக மகனை எதிர்பார்க்க வேண்டும். மகனோ ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர். காலைப் பால் நின்றுபோகும்.

மகன் போகும் சாலை

அதற்காக மகனை மொபெட்டில் எண்ணூருக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். துறைமுகக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலை அது. லாரியோடு சேர்ந்து போகவும் முடியாமல் ஓரமாக ஒதுங்கவும் இடமில்லாமல் மொபெட் மாட்டிக்கொள்ளும். அவருக்கு 100 அல்லது 110 சிசி கியர் வண்டி போதும். 18 அங்குலச் சக்கரம் இருக்கட்டும். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் இறங்கிவிடுகிற பள்ளத்தை இது தாண்டிவிடும். சங்கிலியை முழுவதும் மூடும் கவர் உள்ளதாகப் பாருங்கள், எண்ணூர் உப்புக்காற்று சங்கிலியைச் சீக்கிரம் தின்றுவிடும். டயருக்கும் முன் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் நடவு நேரத்துக் களிமண் அடைத்துச் சக்கரமே நின்றுவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் பார்த்து எரிபொருள் தெளிக்கும் முறை. டேங்கை வறள விட்டால் பெட்ரோல் பம்பு கெடும், பேட்டரி செத்தால் உதைத்தாலும் கிளம்பாமல் போகலாம். அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மின்சார வண்டியும் நல்லதுதான். ஆனால் இலவச விவசாய இணைப்பில் சார்ஜ் போடக் கூடாது, வீட்டு இணைப்பில்தான் போட வேண்டும்.

கடன் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். "12 சதவீதம்தான் சார்" என்று சொல்லி, 60,000 ரூபாயை மூன்று வருஷத்துக்கு 'ஃப்ளாட்' வட்டியில் கொடுத்தால், வட்டி 21,600. மாதத் தவணை 2,267. மாதாமாதம் அசலும் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். 'குறையும் இருப்பில் எத்தனை சதவீதம்' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தவணை மாதாமாதம் வரும். நெல் காசு சம்பா, நவரை அறுவடையில்தான் வரும். ஆகவே தவணை மகன் சம்பளத்திலிருந்து போகட்டும். பால் காசில் கை வைத்தால் தீவனத்துக்கு இடிக்கும்.

ஆக, மொபெட்டை விற்க வேண்டாம். 15 வருஷம் முடிவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பியுங்கள், பசுமை வரி கட்டினால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம். பிரேக் ஷூ, டயர், கேபிள் மூன்றையும் மாற்றிவிட்டுக் கொண்டுபோங்கள். மகனுக்கு ஒரு 100 சிசி. பழைய வண்டியாக இருந்தால், ஆர்.சி.யில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சேர்த்தே போடுகிறார்கள். அதில் எவ்வளவு காலம் பாக்கி இருக்கிறது என்பதையும் கேட்டு, விலையில் கழித்துக்கொள்ளுங்கள். புல்லட்டை அவர் சம்பாதித்து வாங்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொஞ்ச காலம் கழித்து மொபெட்டை மாற்றும் நாள் வந்தால், ஷோரூமுக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய பால் கேனோடு போங்கள். அவரே ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும்.