இமாஜிகா போகும் குடும்பத்துக்கு ஓர் இரவு லாட்ஜ்

மே மாதம் நெருங்கினால் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைத்ததா, இல்லையா? முன்பதிவு திறந்த சிறிது நேரத்திலேயே காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிடுகிறது. டிக்கெட் கிடைக்காத வருஷத்தில் பிள்ளைகளைச் சமாதானப்படுத்த அப்பாக்கள் கொடுக்கும் வாக்குறுதி, "இமாஜிகா கூட்டிக்கொண்டு போகிறேன்" என்பது.

முந்திய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1989-ல் கோராயில் எஸ்ஸெல் வேர்ல்ட் திறந்தபோது, காலையில் படகேறிப் போய் இரவு வீட்டுக்கு வந்து சாப்பிடலாம். 2013-ல் திறந்த இமாஜிகா இருப்பதோ ராய்கட் மாவட்டத்தில், கோபோலியிலிருந்து பாலி போகும் சாலையில். சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் லோக்கல் ஏறினால் கோபோலி சேர இரண்டரை மணி நேரம். அதற்கு மேலும் பத்து கிலோமீட்டருக்குக் குறையாத சாலைப் பயணம். பூங்காவின் வாசல் காலை பத்து மணிக்கு மேல்தான் திறக்கும். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியே வரும்போது இருட்டிவிடும். தூங்கி விழும் பிள்ளைகளோடும் மூட்டுவலிப் பாட்டியோடும் அதே இரவு தாராவிக்கோ செம்பூருக்கோ திரும்புவது பெரும்பாடு. எனவே ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும்.

பூங்காவை ஒட்டியே நட்சத்திர ஹோட்டல் இருக்கிறது. அது வேறு கணக்கு. மாதச் சம்பளக்காரர் பார்க்க வேண்டியவை கோபோலி ஊருக்குள்ளும் பழைய புனே நெடுஞ்சாலையிலும் உள்ள சாதாரண லாட்ஜுகள். லோனாவ்லாவில் அறைகள் அதிகம்தான். ஆனால் அது மலைக்கு மேலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்து செல்வதைப் பார்த்தவர்கள் அந்த யோசனையைக் கைவிடுவார்கள்.

எந்த இரவு தங்குவது?

பலரும் முதல் நாள் மாலையே போய்த் தங்கி, மறுநாள் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைக்கிறார்கள். இது பாதி உதவிதான். பூங்காவில் களைத்த பிறகு, அறையையும் காலி செய்துவிட்ட நிலையில், இரவு ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். கோபோலிக்கு வரும் லோக்கல்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியதுதான். அதிகாலை ரயிலில் போய், பையை லாட்ஜில் வைத்து, முகம் கழுவிக்கொண்டு பூங்காவுக்குப் போய், இரவு வந்து படுப்பதே மேல்.

இதற்கு லாட்ஜின் நேரக் கணக்கு ஒத்துவர வேண்டும். சில லாட்ஜுகளில் உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். சிலவற்றில் பகல் 12 மணிக்கு நாள் மாறும். காலை எட்டரைக்கு வருகிறவருக்கு முதல் வகைதான் லாபம். மறுநாள் எட்டரை வரை ஒரே வாடகை. ஆகவே போனில் முதல் கேள்வியே, "சௌபீஸ் கண்டே கா செக் அவுட் ஹை க்யா?" என்று இருக்கட்டும். இல்லை என்று பதில் வந்தால், பகல் வரை பையை மட்டும் கவுன்ட்டரில் வைத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இன்னொன்று பஞ்சாங்கம் பார்ப்பது. பூங்காவுக்குப் பஞ்சாங்கம் எதற்கு என்று சிரிக்க வேண்டாம். மஹட் வரதவிநாயகரும் பாலி பல்லாளேஸ்வரரும் அஷ்டவிநாயகத் தலங்களில் இரண்டு. இரண்டுமே இந்த வட்டாரத்தில்தான். சங்கடஹர சதுர்த்தி, அதிலும் செவ்வாயில் வரும் அங்காரக சதுர்த்தி என்றால் அறை கிடைப்பது கடினம். மழைக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் அருவி பார்க்க வரும் மும்பை, புனே கூட்டம் வேறு. வார நாளில் ஒரு நாள் லீவு போட்டுப் போனால் லாட்ஜ் வாடகையும் குறையும், பூங்காவில் வரிசையும் குறையும்.

போனில் சொன்ன வாடகையும் ரசீதும்

"டபுள் ரூம்" என்றால் இரண்டு பெரியவர்களுக்கு உரிய வாடகை. கணவன், மனைவி, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்று ஐந்து பேர் போய் நிற்கும்போதுதான் மேலாளர் தலையைச் சொறிவார். உதாரணத்துக்கு வாடகை 1,500 ரூபாய், கூடுதல் படுக்கை ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம் இரண்டு என்று வைத்துக்கொண்டால் 2,100. அதன்மேல் 5 சதவீத ஜி.எஸ்.டி. 105 ரூபாய். மொத்தம் 2,205. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய வீதத்தில் யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லலாம். வருஷ வரவு 20 லட்சத்துக்கு உட்பட்ட சிறு லாட்ஜுகள் ஜி.எஸ்.டி.யில் பதிய வேண்டியதில்லை. பதியாதவர்கள் வரி வசூலிக்கவும் கூடாது. வரி கேட்டால் ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பெரியவர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதாரில் திருநெல்வேலி விலாசமே இருந்தாலும் குறையில்லை. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படியான மறைப்பு ஆதாரை வீட்டிலேயே எடுத்து, அதன் நகலைக் கொடுப்பது பத்திரம்.

முன்பணம் கொடுக்குமுன் அறையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கதவின் தாழ்ப்பாள் விழுகிறதா, மெத்தையின் மூலையில் மூட்டைப்பூச்சிக் கறை உண்டா, பாட்டிக்கு உட்கார்ந்து எழ வசதியான கழிவறையா என்று பார்ப்பதில் வெட்கம் எதற்கு? "என்னங்க, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்னு கேளுங்க" என்று வீட்டுக்காரம்மா பின்னாலிருந்து சொல்வதும் நியாயமான கேள்விதான். காலையில் சில மணி நேரம் மட்டுமே வெந்நீர் விடும் லாட்ஜுகள் உண்டு.

அறையில் இவ்வளவு கண்டிப்பு வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஒற்றை அறையில் ஆறேழு பேர் படுத்து, குழாய்க்கும் கழிவறைக்கும் வரிசையில் நிற்கும் சால் வீடுகளிலிருந்து வரும் குடும்பத்துக்கு, தாழிட்டுக்கொள்ளக்கூடிய தனிக் குளியலறை என்பதே ஒரு திருவிழா. யாரும் கதவைத் தட்டாமல் அரை மணி நேரம் குளிக்க முடிகிற அம்மாவுக்கு, ராட்டினத்தில் ஏறாமல் போனாலும் பயணம் வீணில்லை. கட்டிலில் குதிக்கும் பிள்ளைகளுக்கோ பூங்கா அன்று இரவே தொடங்கிவிடுகிறது. இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அழுக்கு அறையில் போய் விழுந்தால் கெடுவது இந்தச் சந்தோஷம்தான்.

மிச்சம் பிடிக்க வேறு வழிகள் இருக்கின்றன. பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை. ஆனால் லாட்ஜ் அறையில் வைத்துச் சாப்பிட யாரும் தடை சொல்வதில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியைக் காலையில் முடித்துவிட்டுக் கிளம்பினால், உள்ளே ஒரு வேளைச் சாப்பாடு போதும். இரவுக்குப் புளிசாதம் கெட்டுப்போகாது. அறையில் மின் அடுப்பு வைத்து ஃபியூஸ் போகச் செய்வது மட்டும் வேண்டாம். 2014-ல் தொடங்கிய நீர்ப்பூங்காவுக்கும் போகிறவர்கள் நைலான் உடையைத் தாதரிலோ குர்லாவிலோ முன்கூட்டியே வாங்கிவிடலாம். புடவையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். அங்கே போய் வாடகைக்கு எடுத்தால் செலவுதான். ஈரத்துணி காயப் போட ஒரு முழக் கயிறும் பையில் இருக்கட்டும்.

இரவு பூங்கா வாசலில் ஆட்டோ தேடி நிற்பதைவிட, காலையில் கொண்டுவந்து விட்டவரிடமே திரும்பும் சவாரிக்கும் பேசி, போன் நம்பரை வாங்கிக்கொள்வது நல்லது. மறுநாள் காலை மஹட்டில் ஒரு தரிசனம் முடித்துக் கோபோலி நிலையத்துக்கு வந்தால், வண்டி அங்கேயே புறப்படுவதால் ஐந்து பேருக்கும் உட்கார இடம் கிடைக்கும்.