வன்னி இலைக் கூலியும் சூளைக் கணக்கும்



நம் ஊர்ப் பழமலைநாதர் கோயில் தல வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது, வேலையாட்களுக்கு வன்னி இலைகளையே கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் உழைத்த அளவுக்கு அந்த இலை பொற்காசாக மாறியதாம். உழைப்பை எங்கே நின்று அளப்பது என்ற வம்பெல்லாம் அங்கே இல்லை. இலையே அளந்துகொண்டது!

நான் இன்-பிளான்ட் டிரெயினிங் போன செராமிக் பட்டறையில் அப்படி இல்லை. (பெயர் வேண்டாம், சிறிய பட்டறை, கொலு பொம்மை செய்கிறார்கள்.) சூளையும் கிளேஸும் கற்றுக்கொள்ள வேண்டும், நல்ல பிராஜக்ட் ஒன்று செய்ய வேண்டும் என்பது என் ஆசை. நவராத்திரிக்கு முன் ஆர்டரை அனுப்ப வேண்டும் என்பது முதலாளியின் அவசரம். என்னை வார்ப்பு மேஜையில் உட்கார வைத்துவிட்டார். பொம்மையின் பிசிறு துடைக்கவா டிப்ளமோ படித்தேன் என்று முதல் வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் வாய் திறந்து சொல்லவில்லை. அது என் தப்பு.

முதலாண்டு நண்பர்களுக்காக ஒரு விளக்கம். களிமண் கூழை (ஸ்லிப்) பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சும்; ஓரத்தில் மண் சுவராகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டி, சுவர் இறுகியதும் பொம்மையை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வார்ப்புக்கும் அச்சு ஈரமாகிக்கொண்டே போகும், உறிஞ்சும் வேகம் குறையும். அதைக் காயப்போடாமல் திரும்பத் திரும்ப ஊற்றி, இறுகுவதற்குள் எடுத்தால் பொம்மை கோணும். ஒட்டுவாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சூளைக்குள் போன பிறகுதான் அது வாயைப் பிளக்கும்.

அங்கே கூலி மேஜையில் எண்ணித்தான் கொடுத்தார்கள். அதாவது பச்சைப் பொம்மைக்குக் கூலி. பக்கத்து மேஜை அக்காவிடம், "அச்சு காயலையே அக்கா?" என்றேன். "காய வச்சா எண்ணிக்கை எப்படி தம்பி ஏறும்? சூளையில வெடிச்சா அது முதலாளி பாடு" என்றார். அவர் கணக்கில் தப்பே இல்லை. முதலாளியிடம் கேட்டால், "அப்போ சூளையிலேர்ந்து எடுத்தப்புறம் எண்ணிக் கூலி குடுத்துடலாமா?" என்றார். அதற்கு அக்காவின் பதில்: "நெருப்பு அவரு கையில, நட்டம் என் தலையிலயா?" அதுவும் நியாயம்தானே!

மேலாண்மைப் பாடத்தில் பீட்டர் டிரக்கர் 1954-இல் எழுதியதைப் படிக்கிறோம். நிர்வாகத்தின் குறிக்கோளும் ஊழியரின் குறிக்கோளும் இணைய வேண்டுமாம். தேர்வுக்கு அது போதும். ஆனால் எனக்கு அதைவிட உறைத்தது, நம் தொழில்காரர் ஒருவரின் கதை.

ஜப்பானின் கசுவோ இனமோரி ஒரு செராமிக் என்ஜினியர். 1955-இல் கியோட்டோவில் இன்சுலேட்டர் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். சம்பளமே நேரத்துக்கு வராத கம்பெனி! கூடச் சேர்ந்தவர்கள் விலகிப்போக, இவர் மட்டும் ஆராய்ச்சியைப் பிடித்துக்கொண்டார். டி.வி. படக்குழாய்க்கு வேண்டிய செராமிக் பாகத்தைச் செய்து காட்டினார். பிறகு மேலதிகாரியோடு மோதி வெளியேறி, 1959-இல் நண்பர்களோடு கியோட்டோ செராமிக் கம்பெனியைத் தொடங்கினார். இன்றைய கியோசெரா அதுதான்.

தன் தொழில்நுட்பத்தை உலகுக்குக் காட்ட வேண்டும் என்பதே அப்போது அவர் லட்சியம். 1961-இல் பதினோரு இளம் தொழிலாளர்கள், சம்பள உயர்வுக்கும் போனசுக்கும் உறுதி கொடு, இல்லையேல் போகிறோம் என்று நின்றார்கள். மூன்று நாள் இரவு பகலாகப் பேசினார். அவர்கள் தங்கிவிட்டார்கள், மாறியது அவர்தான். தன் லட்சியம் மட்டும் போதாது என்று உணர்ந்து, ஊழியர் அனைவரின் வாழ்வும் மனநிறைவும் உயர்வதை கம்பெனியின் நோக்கத்திலேயே எழுதி வைத்தார்.

நம்மிடம் "கம்பெனி லட்சியத்தை உன் லட்சியமாக்கிக்கொள்" என்று பேச வருபவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை.

இரண்டாம் வாரம் துணிந்து முதலாளியிடம் கேட்டேன். "சார், எந்த அச்சு, அன்னிக்கு எத்தனாவது வார்ப்புன்னு ஒவ்வொரு பொம்மை அடியிலயும் குறி போடட்டுமா? சூளை பிரிக்கும்போது நானும் நிக்கணும்." "உன் வேலை கெடாம பண்ணிக்க" என்றார். அக்காதான் சந்தேகப்பட்டார்: "எங்களை மாட்டிவிடப் பாக்குறியா?" ஆள் பேர் எழுத மாட்டேன், அச்சு நம்பர் மட்டும்தான் என்று நோட்டைக் காட்டிய பிறகே விட்டார்.

சூளை பிரித்தபோது உடைந்ததை இரண்டாகப் பிரித்தேன். ஒட்டுவாயில் பிளந்தவை ஒரு பக்கம். வளைந்தவை, கிளேஸ் கொப்பளித்தவை மறுபக்கம். ஒட்டுவாயில் பிளந்தவற்றில் பெரும்பாலானவை ஈர அச்சின் கடைசி வார்ப்புகள். மறுபக்கத்தில் பல, சூளையின் ஒரே மூலையிலிருந்து வந்தவை. அந்த மூலையில் சூடு அதிகம். அதற்கு அக்கா என்ன செய்வார்?

முதலாளி அந்த இரண்டு குவியலையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாற்றி மாற்றிக் காயப்போட கூடுதல் அச்சு வார்க்கச் சொன்னார். கூலி மேஜையிலேயே எண்ணப்படும், ஒட்டுவாய் பிளக்காத சரக்குக்கு மேலே கொஞ்சம் சேர்த்துத் தருவதாகவும் சொன்னார். அச்சு வந்துவிட்டது. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று நான் கிளம்பும் நாள் வரை அக்காவுக்கும் அவருக்கும் பேச்சு முடியவில்லை. நோட்டை அக்காவிடமே கொடுத்துவிட்டு, பிராஜக்டுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு வந்தேன்.