வலைத்தளத்தை மூடினால் வாணிகம் ஒழியுமோ?

அபின் கடைத்தெருவில் விற்கப்பட்ட காலம் போய், போதைப்பொருள்கள் இணையவழி விலைபோகும் காலம் இது. அத்தகைய வலைத்தளங்களை மூடினால் அவ்வாணிகம் ஒழியுமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

2011இல் தோன்றிய 'சில்க் றோட்' என்னும் தளத்தை அமெரிக்க அரசு 2013 ஒக்டோபரில் மூடிற்று. அடுத்த மாதமே அதே பெயரில் இன்னொன்று எழுந்தது. களப்பில் ஒரு வழியை அடைத்தால் மீன் மறுவழியே செல்லும் என்பதை வாகரையில் வாழும் நாம் அறிவோம். வலைஞன் அம்மறுவழியிலன்றோ வலை வைப்பான்!

2017இல் ஒல்லாந்துக் காவற்றுறையினர் அதனையே செய்தனர். 'ஹன்சா' என்னும் தளத்தைக் கைப்பற்றியும் மூடாது, ஏறக்குறைய ஒரு மாதம் தாமே மறைவாக நடத்தினர். அவ்வேளையில் 'அல்பாபே' என்னும் பெருந்தளம் மூடப்படவே, அங்கிருந்தோர் பலர் ஹன்சாவினுட் புகுந்தனர். அவர்தம் முகவரிகள் காவலர் கைக்கெட்டின. அழிந்தது தளம் மட்டுமன்று. வாங்குவோர் அத்தகைய தளங்களின்மீது வைத்திருந்த நம்பிக்கையும் குலைந்தது.

எனினும், வாங்குவோர் உள்ளவரை விற்போர் தோன்றுவர். 1984இல் நம் நாட்டில் நிறுவப்பட்ட தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் பணிகளுள் தடுப்புக் கல்வியும் ஒன்றாதல் இதுபற்றியே. தளத்தை மூடுவது காவலர் பணி. அதனை நாடும் வேட்கை மாணவர் உள்ளத்தில் முளையாது காப்பது பெற்றோரும் ஆசிரியரும் ஆற்றவேண்டிய பணியாம்.